எல்லைக்குத் தோழன், வரம்புக்கு எதிரி: அமெரிக்கப் பொது நிலங்களில் சுற்றுலாத் தொழிலின் செல்வாக்கு

2025 ஜூனில் அமெரிக்க செனட்டில் ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. மேற்கு மாநிலங்களில் கூட்டாட்சி அரசின் கையிலுள்ள நிலத்தில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் விற்றுவிடலாம், வீடு கட்டப் பயன்படும் என்றார் யூட்டா மாநிலத்தின் செனட்டர் மைக் லீ. எதிர்ப்பு வலுத்ததும் ஜூன் 28 அன்று அவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்ததில் வியப்பில்லை. வேட்டைக்காரர்கள், தூண்டில் மீனவர்கள், கூடாரமும் மலையேற்றக் காலணியும் விற்கிற கம்பெனிகள் எல்லாரும் கூடவே நின்றதுதான் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

இதை மட்டும் பார்த்தவர், சுற்றுலாத் தொழில் இயற்கையின் பக்கம் என்று முடிவு கட்டியிருப்பார். ஆனால் யெல்லோஸ்டோன் பூங்காவில் பனிவண்டிகளைத் தடை செய்தபோது நீதிமன்றம் போனதும் இதே தொழில்தான். காட்டு நிலத்தில் பனிச்சறுக்கு நடத்தும் நிறுவனங்களிடம் அரசு தண்ணீர் உரிமையைக் கேட்டபோது வழக்குப் போட்டதும் அதே வகையறாதான். அப்படியானால் இவர்கள் யார் பக்கம்? பதில் சொல்ல, அந்த நிலங்கள் எப்படி நிர்வகிக்கப்படுகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## முதலில், யாருடைய நிலம்?

அமெரிக்க நிலப்பரப்பில் ஏறக்குறைய 28 சதவீதம், அதாவது சுமார் 64 கோடி ஏக்கர், கூட்டாட்சி அரசுக்குச் சொந்தம். பொது நிலம் என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் இதுதான். இதில் பெரும்பகுதி மேற்கிலும் அலாஸ்காவிலும் இருக்கிறது. நெவாடா மாநிலத்தில் சுமார் 80 சதவீதமும், யூட்டாவில் 60 சதவீதத்துக்கு மேலும் இப்படிப்பட்ட நிலமே. அங்கே நில நிர்வாகம் அன்றாட அரசியல் ஆனது இதனால்தான்.

நான்கு துறைகள் இதில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கின்றன. நில மேலாண்மைப் பணியகத்திடம் சுமார் 24.5 கோடி ஏக்கர். வனச் சேவையிடம் 19.3 கோடி. மீன் மற்றும் வனவிலங்குச் சேவையிடம் சுமார் 8.9 கோடி. உலகமே அறிந்த தேசியப் பூங்காச் சேவையிடம் இருப்பது சுமார் 8 கோடிதான். புகழில் முதலிடம், பரப்பில் நான்காமிடம்.

தேசியப் பூங்காவும் தேசிய வனமும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஒன்றல்ல. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய வனங்களும், 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியகத்தின் நிலங்களும் பல பயன்பாடுகளுக்கு உரியவை: மரம், மேய்ச்சல், தண்ணீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு எல்லாம் ஒரே நிலத்தில் பங்கு கேட்கும். பூங்கா அப்படியில்லை. அங்கே மரம் வெட்டி விற்க முடியாது, பெரும்பாலும் சுரங்கமும் தோண்ட முடியாது. ஆகவே பூங்காவுக்குள் மிஞ்சியிருக்கும் ஒரே பெரிய வியாபாரம், வருகிறவர்களைத் தங்கவைப்பதும் சாப்பிட வைப்பதும் சுற்றிக் காட்டுவதும்தான். வனங்களில்கூட நிலைமை அந்தத் திசையில் நகர்ந்தது. 1980களின் கடைசியில் உச்சத்தில் இருந்த மர வெட்டு அடுத்த பத்தாண்டில் பெருமளவு சரிந்தது. அது விட்டுப்போன இடத்தை நிரப்பத் தயாராக இருந்தது பொழுதுபோக்குத் தொழில்.

## 1916இல் விழுந்த முடிச்சு

தேசியப் பூங்காச் சேவையை உருவாக்கிய சட்டத்தில் 1916 ஆகஸ்ட் 25 அன்று கையெழுத்தானது. அது இரண்டு வேலைகளை ஒரே வாக்கியத்தில் கொடுத்தது. இயற்கைக் காட்சிகளையும் வரலாற்றுப் பொருள்களையும் வனவிலங்குகளையும் காக்க வேண்டும். மக்கள் அவற்றைக் கண்டு மகிழவும் வழி செய்ய வேண்டும், ஆனால் அடுத்த தலைமுறைக்கும் பழுதில்லாமல் போய்ச் சேரும்படி.

நூறு ஆண்டுச் சண்டை இந்த வாக்கியத்துக்குள்தான் நடக்கிறது. எண்ணெய்க் கம்பெனி ஒன்று பூங்காவுக்குள் வர விரும்பினால் சட்டத்தை மாற்றச் சொல்ல வேண்டும். விடுதி நடத்துகிறவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 'மக்கள் மகிழ வேண்டும் என்றுதானே சட்டம் சொல்கிறது, அதற்குத்தானே நான் கட்டில் போடுகிறேன்' என்று சொல்லலாம். சொல்வது பொய்யும் இல்லை. மற்ற தொழில்களின் செல்வாக்கை நாம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, சுற்றுலாவின் செல்வாக்கோ துறையின் கடமைப் பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

## ரயில்காரர்கள் போட்ட பாதை

தொழில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று எண்ணிவிடக் கூடாது. பல பூங்காக்களில் அது பூங்காவுக்கு முன்பே வந்துவிட்டது.

1872 மார்ச் 1 அன்று உலகின் முதல் தேசியப் பூங்காவாக யெல்லோஸ்டோன் அறிவிக்கப்பட்டது. அதற்காகப் பின்னணியில் வேலை பார்த்தவர்களில் முக்கியமானது நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனி. அதற்குப் பணம் திரட்டிய வங்கியாளர் ஜே குக்கின் தரப்பு, அந்த நிலத்தை ஒதுக்கச் சொல்லும் யோசனையை ஆய்வாளர் ஹேடனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஓவியர் தாமஸ் மோரன் ஆய்வுக் குழுவோடு போகவும் குக் பணம் கொடுத்தார். காட்சி நன்றாக இருந்தால் பயணிகள் வருவார்கள், பயணிகள் வந்தால் ரயில் ஓடும். கணக்கு அவ்வளவுதான்.

பத்து ஆண்டு கழித்து அந்தக் கணக்கின் இன்னொரு முகம் தெரிந்தது. யெல்லோஸ்டோன் பார்க் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்ற நிறுவனம், பூங்காவின் முக்கியமான இடங்களில் 4,000 ஏக்கருக்கு மேல் குத்தகைக்குக் கேட்டது. பூங்கா நிலங்களைக் கவனிக்கும் உள்துறையில் ஏறத்தாழ ஒப்புதலும் கிடைத்துவிட்டது. மிசூரி செனட்டர் ஜார்ஜ் வெஸ்ட் குறுக்கே நின்றார். 1883இல் நாடாளுமன்றம் ஒரு குத்தகைக்கு 10 ஏக்கர், 10 ஆண்டு என்று வரம்பு போட்டு, வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிக் கட்டக் கூடாது என்றும் எழுதியது. ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்றைச் சுற்றி வேலி போட்டு டிக்கெட் கிழிக்கும் நிலை வராமல் போனதில் அந்தச் சட்ட வரிக்குப் பங்கு உண்டு.

கிராண்ட் கேன்யனில் கதை இன்னும் வெளிப்படை. ரால்ஃப் கேமரன் என்பவர் பள்ளத்தாக்கின் விளிம்பிலும், கீழே இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதை நெடுகிலும் சுரங்க உரிமை கோரிப் பதிந்துவைத்தார். தோண்டி எடுக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. வசூலிக்கத்தான் இருந்தது: பாதையில் இறங்குகிறவர்களிடம் 1 டாலர் சுங்கம். 1920இல் உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அரிசோனா மக்கள் அவரை செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். செனட்டரானதும் அதே பூங்காவின் நிதி ஒதுக்கீட்டில் கை வைக்கப் பார்த்தார். சுற்றுலாச் செல்வாக்கு என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்த ஒரு ஆளின் வரலாற்றைச் சொன்னாலே பாதி விளங்கிவிடும்.

பூங்காச் சேவையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மாதர் போராக்ஸ் வியாபாரத்தில் பணக்காரர் ஆனவர், விளம்பரத்தின் அருமை தெரிந்தவர். அவர் காலத்தில் பூங்காக்களைப் பற்றிய ஆடம்பரமான படத்தொகுப்பு ஒன்றை அச்சிட 17 ரயில் கம்பெனிகள் 43,000 டாலர் தந்தன. அவர் நோக்கத்தில் தந்திரம் இருந்தது: ஆட்கள் வந்தால்தான் நாடாளுமன்றம் பணம் தரும், பணம் வந்தால்தான் பூங்கா பிழைக்கும். வருகையாளர் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோல் ஆனது அப்போதுதான். இன்றுவரை அந்த அளவுகோலைத் துறை கைவிடவில்லை. 2024இல் வருகை 33 கோடியைத் தாண்டியது, அதுவரை இல்லாத உச்சம்.

## செல்வாக்கு எந்த வழியாகப் போகிறது?

மேசைக்கு அடியில் கவர் கைமாறும் காட்சியை யாரும் கற்பனை செய்ய வேண்டாம். வழிகள் சட்டபூர்வமானவை, பெரும்பாலும் சலிப்பூட்டும் காகிதங்கள்.

1. பூங்காவுக்குள் ஒப்பந்தம். பூங்காக்களில் விடுதி, உணவகம், கடை, படகு போன்றவற்றை அரசு தானே நடத்துவதில்லை. ஏலத்தில் எடுத்த தனியார் உரிமதாரர் நடத்துவார். 1965ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கு இரண்டு பலமான ஆயுதங்களைக் கொடுத்தது. ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிப்பதில் பழைய ஆளுக்கே முன்னுரிமை என்பது ஒன்று. அவர் கட்டிய கட்டடத்தில் அவருக்கு உடைமைப் பங்கு என்பது இன்னொன்று. அதாவது அவரை வெளியே அனுப்ப வேண்டுமானால் பெரிய தொகை கொடுத்துத்தான் அனுப்ப முடியும். போட்டிக்கு யார் வருவார்? 1998இல் புதிய சட்டம் பெரிய நிறுவனங்களுக்கான முன்னுரிமையை எடுத்துவிட்டது, உடைமைப் பங்கையும் குறைத்தது.

ஆனால் பிடி முழுவதும் தளரவில்லை என்பதை யோசெமிட்டி காட்டியது. 1993 முதல் அங்கே விடுதிகளை நடத்திய டெலாவேர் நார்த் நிறுவனம், 2015இல் ஒப்பந்தத்தை அராமார்க் என்ற நிறுவனத்திடம் இழந்தது. போகும்போது, 'அவானி' போன்ற புகழ்பெற்ற விடுதிப் பெயர்களின் வணிகக் குறி எங்களுடையது, அதுவும் சேர்த்து எங்களுக்கு 5.1 கோடி டாலர் வர வேண்டும் என்றது. அரசு போட்ட மதிப்பு சுமார் 35 லட்சம். வழக்கு நடக்கும் காலத்தில் அவானி, 'மெஜஸ்டிக் யோசெமிட்டி ஹோட்டல்' ஆனது, கரி வில்லேஜ் 'ஹாஃப் டோம் வில்லேஜ்' ஆனது. 2019 ஜூலையில் 1.2 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டுப் பெயர்கள் திரும்பின. அவானி என்பதே அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்த பெயர். அதை நாடு பணம் கொடுத்து ஒரு கம்பெனியிடமிருந்து மீட்க வேண்டியதாயிற்று.

2. காட்டில் பர்மிட். வனச் சேவை நிலத்தில் 122 பனிச்சறுக்கு மையங்கள் இயங்குகின்றன. கொலராடோவின் வேல் மலையும் அதில் ஒன்று. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பர்மிட் 40 ஆண்டு வரை செல்லும். அரசுக்குக் கிடைப்பது வருவாயில் ஒன்றரை முதல் 4 சதவீதம் வரை ஏறும் கட்டணம். பனி குறையக் குறைய இந்த மையங்கள் கோடைக்கால வருமானம் தேடின. 2011இல் வந்த சட்டம், கம்பியில் தொங்கிச் செல்லும் ஜிப் லைன் போன்ற கோடை விளையாட்டுகளுக்கும் வழி திறந்தது. அதே ஆண்டு வனச் சேவை, இந்த நிலத்தில் பயன்படும் தண்ணீர் உரிமையை அரசின் பெயரில் வைக்க வேண்டும் என்று பர்மிட்டில் ஒரு நிபந்தனை சேர்த்தது. மையத்தை விற்கும்போது தண்ணீரைத் தனியே பிரித்து விற்றுவிட்டால் மலையில் செயற்கைப் பனி போட வழியிருக்காது என்பது அதன் கவலை. பனிச்சறுக்கு மையங்களின் சங்கம் வழக்குப் போட்டது. நடைமுறை சரியில்லை என்று 2012 டிசம்பரில் நீதிமன்றம் நிபந்தனையை ரத்து செய்தது. 2015இல் வந்த இறுதி விதியில் உரிமையைக் கேட்கும் பேச்சே இல்லை.

3. கட்டணம். இதுதான் கண்ணுக்குத் தெரியாத வழி, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1996 வரை பெரும்பாலான வன நிலங்களில் காரை நிறுத்திவிட்டு நடக்கப் போவதற்குக் காசு இல்லை. அந்த ஆண்டு சோதனை முயற்சியாகக் கட்டணம் வசூலிக்க நான்கு துறைகளுக்கும் அனுமதி வந்தது. அதை முன்னின்று ஆதரித்தவர்களில் ஒன்று அமெரிக்கன் ரிக்ரியேஷன் கோயலிஷன். மோட்டார் வீட்டு வண்டி, படகு, முகாம் போன்ற தொழில்களின் கூட்டமைப்பு அது.

தன் வாடிக்கையாளரிடம் அரசு காசு வாங்குவதை ஒரு தொழில் ஏன் விரும்ப வேண்டும்? அவர்கள் சொன்ன காரணம், பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது. விமர்சகர்கள் சொன்ன காரணம் வேறு: பக்கத்தில் இலவசம் இருக்கும்வரை விலைக்கு விற்பது கடினம். எது சரி என்று ஒருவரின் மனதுக்குள் புகுந்து பார்க்க முடியாது. கட்டணத்தின் விளைவைப் பார்க்கலாம். 2004 டிசம்பரில் அந்தச் சோதனை முயற்சிக்குப் பதிலாக வந்த சட்டப்படி, வசூலில் குறைந்தது 80 சதவீதம் வசூலான இடத்திலேயே தங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓர் அலுவலகத்தின் பட்ஜெட் கழிவறையும் தார் போட்ட நிறுத்துமிடமும் உள்ள இடத்திலிருந்து வருகிறது, ஒன்றுமே கட்டாத காட்டுப் பாதையிலிருந்து வரவில்லை என்றால், அந்த அலுவலகம் அடுத்த ஆண்டு எதைக் கட்ட நினைக்கும்? வசதி இல்லாத இடத்தில் நடக்கப் போகிறவரிடம் வாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருந்தும், அரிசோனாவின் மவுண்ட் லெமன் பகுதியில் வாங்கினார்கள். அது தவறு என்று சொல்ல 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

4. வாசலில் இருக்கும் ஊர். பூங்கா வாயிலில் உள்ள சிற்றூர்களின் பிழைப்பு அந்த வாயில் திறந்திருப்பதில் இருக்கிறது. 2013 அக்டோபரில் செலவுக்கான நிதி ஒப்புதல் கிடைக்காமல் கூட்டாட்சி அரசு முடங்கிப் பூங்காக்கள் மூடியபோது, யூட்டா மாநில அரசு தன் கஜானாவிலிருந்து சுமார் 16.7 லட்சம் டாலரைக் கட்டித் தன் ஐந்து பூங்காக்களையும் திறக்க வைத்தது. கூட்டாட்சி அரசிடம் நிலத்தைக் கொடு என்று எப்போதும் சண்டை போடும் மாநிலம் அது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

## யெல்லோஸ்டோன் குளிர்காலம்

இந்த வழிகளெல்லாம் ஒரே இடத்தில் எப்படிக் கூடுகின்றன என்பதற்கு ஸ்னோமொபைல் எனும் பனிவண்டி விவகாரம் போல வேறு உதாரணம் இல்லை.

1963இல்தான் முதல் ஸ்னோமொபைல்கள் பூங்காவுக்குள் வந்தன. சுற்றியுள்ள ஊர்கள், குளிர்காலத்திலும் சாலையில் பனியை அகற்றிக் கார்களை விடச் சொல்லி நெருக்கின. அதற்கு மாற்றாக, பனியை இறுக்கிவிடுகிறோம், அதன்மேல் பனிவண்டியில் போங்கள் என்று பூங்கா ஒப்புக்கொண்டது. கார் போக்குவரத்தைவிட இது தேவலாம் என்ற எண்ணம். 1990களில் பரபரப்பான நாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நுழைந்தன. அந்தக் காலத்து இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் எண்ணெய்யும் பெட்ரோலும் கலந்து எரித்துக் கக்கிய நீலப் புகை, காற்றில்லாத குளிர் காலையில் மேற்கு வாயிலை விட்டு நகராது. வாயிலில் நிற்கும் ரேஞ்சர்களுக்கு முகமூடிக் கருவி கொடுக்கும் நிலை வந்தது.

1997இல் ஒரு விலங்கு நல அமைப்பு, இறுக்கிய பனிச்சாலை காட்டெருமைகளின் நடமாட்டத்தை மாற்றுகிறது என்று வழக்குப் போட்டது. அதன் சமரசத்தில் தொடங்கிய ஆய்வு 2000இல் ஒரு முடிவுக்கு வந்தது: சில ஆண்டுகளில் ஸ்னோமொபைலைப் படிப்படியாக நிறுத்த வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்னோமொபைல் தயாரிப்பாளர் சங்கம் வயோமிங் மாநிலத்தில் வழக்குப் போட்டது. வாஷிங்டனில் ஆட்சி மாறியது. 2001இல் புதிய அரசு சமரசம் செய்து, மறுபடி ஆய்வு என்றது.

அப்புறம் நடந்தது நீதிமன்றப் பந்தாட்டம். 2003 டிசம்பரில், சீசன் தொடங்கும் தறுவாயில், வாஷிங்டன் நீதிபதி புதிய விதியைத் தள்ளிப் பழைய தடையை உயிர்ப்பித்தார். 2004 பிப்ரவரியில் வயோமிங் நீதிபதி அந்தத் தடையை நிறுத்தினார். தற்காலிகமாக நாளுக்கு 720 வண்டி என்றார்கள், பிறகு 540 என்றார்கள். 2008இல் அந்த 540-ம் ரத்தானது. கடைசியில் 2013இல் வந்த விதி வண்டியை எண்ணுவதை விட்டுக் கூட்டத்தை எண்ணியது: நாளுக்கு 110 பயணக் குழுக்கள், அதில் ஸ்னோமொபைல் குழுக்கள் 50 வரை, புகையும் சத்தமும் குறைந்த வண்டிகள் மட்டும். அநேகமாக எல்லாரும் வணிக வழிகாட்டியோடுதான் போக வேண்டும். சொந்தமாகப் போகிறவர்களுக்கு வாயிலுக்கு ஒரு குழு.

இதில் கவனிக்க வேண்டியவை:

1. தொழில் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. தடை நிலைக்கவில்லை, பழைய கட்டற்ற நிலையும் திரும்பவில்லை.
2. தடை தலைக்கு மேல் தொங்கிய அந்த ஆண்டுகளில்தான் புகை குறைந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பூங்காவில் வழக்கமாயின. அழுத்தம் இல்லாமல் அது அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்கும் என்று நம்புவது கடினம்.
3. முன்பு ஒருவர் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். இப்போது பெரும்பாலும் வழிகாட்டி நிறுவனத்துக்குப் பணம் கட்டி வருகிறார். காற்று சுத்தமானது, கூடவே பூங்காவின் குளிர்காலம் உரிமம் வைத்திருக்கும் சில நிறுவனங்களின் கைக்குப் போனது. கட்டுப்பாடு என்பது தொழிலுக்கு எப்போதும் நஷ்டம் அல்ல, உரிமம் பெற்றவருக்கு அதுவே வேலி.

மூன்றாவது விஷயத்தைச் செய்திகள் அநேகமாகத் தொடுவதே இல்லை.

## தோழனாக வரும்போது

2016 டிசம்பர் 28 அன்று அதிபர் ஒபாமா யூட்டாவில் 13.5 லட்சம் ஏக்கரை பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவிடமாக, அதாவது அதிபர் உத்தரவால் பாதுகாக்கப்படும் நிலமாக, அறிவித்தார். மாநிலத் தலைவர்கள் அதை ரத்து செய்யச் சொன்னார்கள். வெளிப்புறப் பொருள் நிறுவனங்களின் பெரிய வணிகக் கண்காட்சி இருபது ஆண்டாக சால்ட் லேக் சிட்டியில்தான் நடந்துவந்தது. மாநிலத் தலைவர்களின் நிலையைக் கண்டித்து, ஜாக்கெட் விற்கும் பட்டகோனியா போன்ற நிறுவனங்கள் வரமாட்டோம் என்றன, கண்காட்சி டென்வருக்கு இடம் மாறியது. 2017 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நினைவிடத்தை சுமார் 85 சதவீதம் சுருக்கினார். 2021 அக்டோபரில் அதிபர் பைடன் திரும்ப நிறுவினார். கண்காட்சி 2023இல் சால்ட் லேக் சிட்டிக்கே திரும்பி வந்தது.

தொழிலின் குரலுக்கு எடை கூடியதற்கு ஒரு புள்ளிவிவரமும் காரணம். 2016இல் வந்த ஒரு சட்டம், வெளிப்புறப் பொழுதுபோக்கின் பொருளாதார மதிப்பைத் தனியே கணக்கிடும்படி வணிகத் துறைக்குச் சொன்னது. 2023க்கான கணக்கு: 1.2 லட்சம் கோடி டாலர் உற்பத்தி; அதில் இந்தத் தொழில் தானே கூட்டிய மதிப்பு உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 2.3 சதவீதம். இப்படி ஒரு எண் கையில் இருந்தால் சுரங்கக்காரரோடு சரிக்குச் சரி உட்கார முடியும். 2020 ஆகஸ்டில் வந்த கிரேட் அமெரிக்கன் அவுட்டோர்ஸ் சட்டம், பராமரிப்புக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 190 கோடி டாலர் வரையும், நிலம் வாங்கிக் காக்கும் நிதிக்கு நிரந்தரமாக 90 கோடியும் ஒதுக்கியது. இரண்டு கட்சிகளும் சேர்ந்து வாக்களித்ததில் தொழிலின் உழைப்பு இருந்தது, அதை மறுப்பதற்கில்லை.

ஆக ஒரு வடிவம் தெரிகிறது. நிலத்தை விற்கப் போகிறார்கள், தோண்டப் போகிறார்கள் என்றால் இந்தத் தொழில் காப்பாளரோடு நிற்கும், ஏனென்றால் அதன் சரக்கே அந்த நிலம்தான். அதே நிலத்தில் இத்தனை பேர் போதும், இந்த வண்டி வேண்டாம், இங்கே கட்டாதே என்று சொன்னால் எதிரே நிற்கும். இதில் முரண்பாடு இல்லை, ஒரே நலன்தான் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தெரிகிறது.

இதிலும் ஒரே குரல் என்று இல்லை. நடப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கம்பெனிக்கு அமைதியான காடு வேண்டும். மோட்டார் வண்டி விற்கும் கம்பெனிக்குச் சாலை வேண்டும். சையன் பூங்காவில் 2000இல் கார்களை நிறுத்திவிட்டுப் பேருந்து விட்டபோது, வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊரும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்துகொண்டது. கார் நெரிசல் தன் வியாபாரத்தையும் கெடுக்கிறது என்று புரிந்துவிட்டால் உள்ளூர்க் கடைக்காரரும் வரம்பை ஏற்பார்.

## எண்ணப்படாதவை

படுக்கை எண்ணிக்கை, வருகை எண்ணிக்கை, செலவழித்த டாலர் எல்லாம் அறிக்கையில் வரும். அமைதி வராது. பூங்காக்களின் மேல் பறக்கும் சுற்றுலா விமானங்களை ஒழுங்குபடுத்த 2000இல் சட்டம் வந்தது. இருபது ஆண்டு கழித்து, 2020இல், திட்டங்களை எப்போது முடிப்பீர்கள் என்று கால அட்டவணை கேட்டு நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஹெலிகாப்டர் டிக்கெட்டுக்கு ரசீது உண்டு. கீழே நடப்பவர் இழந்த அமைதிக்கு ரசீது கிடையாது.

பூர்வகுடிகள் விஷயம் இன்னும் பழையது, இன்னும் கனமானது. பல பூங்காக்களின் ஆளில்லாத அழகு, அங்கே இருந்தவர்களை வெளியேற்றியதால் வந்த அழகு. கிராண்ட் கேன்யனில் ஹவசுப்பாய் மக்கள் வாழ்ந்து பயிர் செய்த இடத்தை 2022 வரை 'இந்தியன் கார்டன்' என்றுதான் வரைபடம் சொன்னது, பிறகுதான் 'ஹவசுப்பாய் கார்டன்ஸ்' ஆனது. கேமரன் சுங்கம் வசூலித்த அதே பாதையில் இருக்கும் இடம் அது. பேர்ஸ் இயர்ஸைக் காக்கக் கேட்டு முதலில் ஒன்றுகூடியது ஹோப்பி, நவஹோ, ஊட் மவுண்டன் ஊட், ஊட், சூனி ஆகிய ஐந்து இனக்குழுக்கள். பத்திரிகைத் தலைப்புகளில் அதிகம் வந்ததோ ஜாக்கெட் கம்பெனியின் பெயர்.

## இப்போது எங்கே நிற்கிறது

2025 ஜனவரி 4 அன்று எக்ஸ்ப்ளோர் சட்டத்தில் கையெழுத்தானது. வழிகாட்டிகளுக்கும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும் பர்மிட் எளிதாகக் கிடைக்க வழி செய்வது அதன் முக்கியமான பகுதி. தொழில் பல ஆண்டாகக் கேட்டது அது. அடுத்த மாதமே பூங்காச் சேவையில் சுமார் 1,000 புதிய ஊழியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். பூங்காக்களில் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலையின் மதிப்போ 2,200 கோடி டாலருக்கு மேல். 2026 ஜனவரி முதல், ஆண்டுப் பாஸ் இல்லாத வெளிநாட்டவர், கூட்டம் அதிகம் வரும் 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

பர்மிட் பெருகி, கட்டணம் கூடி, சம்பள ஊழியர் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்னோட்டம் ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் கூட்டாட்சி அரசு முடங்கிக் கிடந்தது. பல பூங்காக்களை மூடாமல், ஆளும் போடாமல் விட்டார்கள். கலிஃபோர்னியாவின் ஜோஷ்வா ட்ரீ பூங்காவில் குப்பை வழிந்தது, தடை செய்த இடங்களில் வண்டிகள் ஏறின. யெல்லோஸ்டோனிலோ பனிச்சாலை வழக்கம்போல இறுக்கப்பட்டது, ஸ்னோமொபைல்கள் ஓடின. அங்கே விடுதி நடத்தும் ஸன்டெரா நிறுவனமும் இன்னும் 13 பயண நிறுவனங்களும் சேர்ந்து, நாளுக்கு சுமார் 7,500 டாலர் வீதம் அந்தச் செலவைக் கட்டிக்கொண்டிருந்தன.